கோட்டுக்கு இந்தப் பக்கம்

இல்ல தம்பி, இறங்காதீங்க, உக்காருங்க. நான் சண்டைக்கு வரல. சண்டைக்கு வர்றவ இப்படிக் குனிஞ்சு நின்னு கண்ணாடிய விரலால தட்டுவாளா? எங்க வீட்டுக்காரர் மாதிரி படியில இறங்கும்போதே ஆரம்பிச்சுட்டுல்ல வருவேன். சிரிக்கறீங்க. பரவால்ல, சிரிங்க. எதிர் எதிர் வீட்டுல இருந்துட்டு உங்க பல்ல இப்பத்தான் பாக்கறேன்.

கொஞ்சம் பேசணும். உள்ள உக்காரலாமா? பின்னாடி வேண்டாம் தம்பி, உங்க பிடரியப் பாத்துட்டு என்னத்தப் பேசறது. இந்தப் பக்கமாவே வரேன். அட, ஸ்டியரிங் இங்கல்ல இருக்கு. ஓ, கத்துக்க வர்றவங்க இங்க, வாத்தியார் அங்கயா? உங்க காலடியிலயும் ஒரு பிரேக் வெச்சிருக்காங்களே. நல்ல ஏற்பாடு. இவரு ஓட்டறப்போ எனக்கும் அந்த மாதிரி ஒண்ணு இருந்திருந்தா கடவுள அவ்வளவு தொந்தரவு பண்ணியிருக்க மாட்டேன். பயப்படாதீங்க, நான் எதையும் தொடல. கைய மடியிலயே வெச்சுக்கறேன்.

உங்க ஸ்டூடண்ட் எப்ப வருவாங்க? யாரு, அந்த மெடிக்கல் ஷாப்ல வேலை பாக்கற பொண்ணா? வரட்டும், வந்தா எழுந்துக்கறேன்.

இந்த மரத்தடிதான் இப்போ உங்க இடமாயிருச்சா. ஐயோ, கண்ணாடி பூரா எச்சமா இருக்கே. தண்ணித் தொட்டி வேற பக்கத்துல. நிரம்பி வழிஞ்சா நேரா உங்க கூரை மேலதான் ஊத்தும். நேத்து உங்க வீட்டம்மா பக்கெட்டும் துணியுமா வந்து தேய்ச்சுட்டு இருந்தத மேலேர்ந்து பாத்தேன். மனசு கேக்கல. எங்களுக்காகத்தான இங்க கொண்டு வந்து போட்டீங்க. அதப் பத்தித்தான் பேச வந்தேன்.

எப்படிச் சொல்றதுன்னு தெரியல, நேராவே சொல்லிடறேன். நீங்க வண்டிய மறுபடியும் பழைய இடத்துலயே நிறுத்தணும். ஆமா, உள்ள, தூணுக்குப் பக்கத்துல, எங்க இடத்த ஒட்டினாப்புல. நேரா இல்ல தம்பி. முன்ன நிறுத்துவீங்களே, மஞ்சக் கோட்டத் தாண்டி எங்க பக்கமா ஒரு சாண். அதே மாதிரி.

கிண்டல் இல்ல. குத்திக் காட்டறேன்னு நெனைக்காதீங்க. என் வயசுக்கு நான் இங்க வந்து உக்காந்து உங்கள நக்கல் பண்ணுவேனா? நெசமாத்தான் கேக்கறேன்.

அவரு எந்திரிக்க மாட்டேங்கறாரு தம்பி. நீங்க வண்டிய எடுத்ததுலேர்ந்து, கொஞ்சம் கொஞ்சமா. இப்போ காலைல காபி குடுத்தா சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கறாரு. ஷேவ் பண்ணல. கஞ்சி மாதிரி கரைச்சு வாய்ல ஊத்தினா உள்ள போகுது, இல்லன்னா இல்ல. டாக்டர் வந்து பாத்தாரு. ஒடம்புல ஒண்ணும் புதுசாக் கெடல, ஆனா இப்படியே படுத்துட்டாருன்னா காலு மறந்துடும், அப்புறம் நுரையீரல்ல சளி கட்டும், அப்புறம் நான் சொல்லத் தேவையில்லம்மான்னாரு. சொல்லத் தேவையில்லன்னு சொல்றதே சொன்ன மாதிரிதான.

மறதி வியாதின்னு எங்க பையன் உங்ககிட்ட சொல்லியிருப்பான். அதச் சொல்லித்தான உங்க மனசக் கரைச்சான். அவன் நல்லதுக்குத்தான் பண்ணினான், அவன நான் குத்தம் சொல்லல. வேற ஊர்ல இருக்கறவனுக்கு ஃபோன்லதான் எல்லாத்தையும் சரி பண்ண முடியும். என் பொண்ணும் அப்படித்தான். அம்மா, இனிமே காலைல ஒனக்கு நிம்மதிம்மான்னு சொன்னா. அவளும் நெசமாத்தான் சொன்னா.

அந்த மீட்டிங் ஞாபகம் இருக்கா? கீழ மாடிப்படிக்கிட்ட நாற்காலி போட்டு, செகரட்டரி சார் கண்ணாடிய மூக்கு நுனிக்கு இறக்கிட்டு, இந்தக் கட்டடத்துல பார்க்கிங் பிரச்சனைங்கறது நம்ம எல்லாருடைய மனசுலயும்தான் இருக்குன்னு ஆரம்பிச்சாரே. மனசுல எங்க இருந்துச்சு, கீழ தூணுக்குப் பக்கத்துலல்ல இருந்துச்சு. எங்க பையன் ஸ்பீக்கர்ல. அப்புறம் நீங்க எழுந்தீங்க. பெரியவருக்கு ஒடம்பு சரியில்லாதப்ப நான் ஒரு சாணுக்குச் சண்டை போட்டா அது நல்லால்ல, நான் பின்னாடி மரத்தடியில போட்டுக்கறேன்னு சொன்னீங்க. எல்லாரும் கை தட்டினாங்க. தையக்காரம்மா கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க. இத்தனை வருஷமா தீராதது டீ ஆறறதுக்குள்ள தீந்து போச்சு. நானும் கை தட்டினேன் தம்பி. வீட்டுக்கு வந்து வெளக்கு முன்னாடி உக்காந்து, ஆண்டவா, கேட்டதக் குடுத்துட்ட, உனக்குக் கோடி நன்றின்னு சொன்னேன்.

மறுநாள் காலைல வழக்கம் போல எந்திரிச்சாரு. சட்டையப் போட்டாரு. ஷூ போட்டாரு. செருப்போட சண்டைக்குப் போக மாட்டாரு, அது ஒரு மரியாதை அவருக்கு. நான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். உங்க வண்டி இருந்த எடத்துல செகரட்டரி நாலு பூந்தொட்டி வெச்சிருக்காரு. கோடும் புதுசா அடிச்சு பளிச்சுன்னு இருக்கு. இவரு கோட்டப் பாத்தாரு, தொட்டியப் பாத்தாரு, தூணுக்குப் பின்னாடி எட்டிப் பாத்தாரு. யாரையும் காணோம். அப்புறம் என்னப் பாத்து, ஷிஃப்ட் முடிஞ்சிருச்சான்னு கேட்டாரு.

ஆமாங்க, முடிஞ்சிருச்சுன்னு சொல்லிட்டேன். எனக்கென்ன தெரியும், அவரு அத அப்படியே எடுத்துக்குவாருன்னு.

அவருக்கு அந்த டிப்போதான் உலகம் தம்பி. என்ன வேலைன்னு உங்களுக்குத் தெரியுமா? பஸ் ஓட்டினாருன்னா? எல்லாரும் அப்படித்தான் நெனைப்பாங்க. ஓட்டல. நிறுத்தறதுதான் அவரு வேலை. சாயங்காலம் டிரைவருங்க வண்டிய கேட்டுக்குள்ள விட்டுட்டு டிபன் டப்பாவத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் ஒவ்வொண்ணா எடுத்து யார்டுல வரிசை கட்டணும். காலைல எது முதல்ல கெளம்பணுமோ அது முன்னாடி நிக்கணும். ஒண்ணு கோணலா நின்னா பின்னாடி இருக்கற அத்தனையும் மாட்டிக்கும், ஊரே வேலைக்கு லேட்டாப் போகும். வாயில விசில், ரெண்டு பஸ்ஸுக்கு நடுவுல இவரு ஒடம்ப ஒடுக்கிட்டு நிப்பாராம். வா, வா, வா, ஒடி, நிறுத்துன்னு. கல்யாணமான புதுசுல தூக்கத்துலயும் அதான். நான் பொரண்டு படுத்தா, ஒடி ஒடின்னு சொல்வாரு. வெக்கத்த விட்டுச் சொல்றேன், நீங்க என் பிள்ள மாதிரி.

அப்பேர்ப்பட்ட ஆளுக்கு எதிர் வீட்டுக்காரரா கடவுள் யாரக் கொண்டு வந்தாரு பாருங்க. டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். கோணலா நிறுத்தற வாத்தியார்.

தெரியும் தம்பி, தூணு இடிக்கும். உங்க பக்கம் தூணு வயிறு மாதிரி புடைச்சுட்டு இருக்கு, கட்டினவன் அப்படிக் கட்டிட்டான். நீங்க கொஞ்சம் இந்தப் பக்கம் ஒடிச்சாத்தான் உங்களுக்குக் கதவு. நான் ஒத்துக்கறேன். அவரு ஒத்துக்கலயே. ஊருக்கெல்லாம் ஓட்டக் கத்துக்குடுக்கற, ஒனக்கு யாருய்யா கத்துக்குடுத்ததுன்னு கேட்டாரு. அந்த சிவப்பு எழுத்துப் பலகைய வண்டில மாட்டாத, கழுத்துல மாட்டிக்கன்னாரு. நீங்க மட்டும் சும்மாவா இருந்தீங்க? பெரியவரே, இது பஸ் ஸ்டாண்டு இல்ல, விசிலக் கொண்டு போய் பேரனுக்குக் குடுங்கன்னு சொல்லலயா? பேரன் இன்னும் பொறக்கல அப்போ. அதுக்கு ஒரு வாரம் கத்தினாரு. வண்டிய நிறுத்தியிருக்கியா, இல்ல தூக்கி எறிஞ்சுட்டுப் போயிருக்கியான்னு கேட்டாரே, அன்னைக்கு மட்டும் எனக்கே சிரிப்பு வந்துருச்சு. முந்தானைய வாயில அடைச்சுக்கிட்டேன்.

ஆனா சிரிப்பா இல்லாததும் உண்டு. எனக்குத் தெரியும். ஒருநாள் புதுசா ஒரு அம்மா கத்துக்க வந்து நின்னப்போ, இவன்கிட்ட கத்துக்கிட்டா நேரா ஆஸ்பத்திரிதான்மான்னு இவரு சொல்லி, அந்தம்மா அப்படியே திரும்பிப் போயிட்டாங்க. அது உங்க சோறு. விளையாட்டு இல்ல. அன்னைக்கு உங்க வீட்டம்மா படியில என்னப் பாத்துட்டுத் தலையக் குனிஞ்சுட்டுப் போனா. கண்ணு செவந்திருந்துச்சு. அதையெல்லாம் மறந்துடுங்கன்னு சொல்ல எனக்கு வாய் இல்ல. மறுபடியும் அந்தப் பேச்சக் கேளுங்கன்னு சொல்றதுக்குத்தான் வந்திருக்கேன். எப்பேர்ப்பட்ட உதவி கேக்கறேன் பாருங்க. யாராவது வீடு தேடி வந்து, எங்க வீட்டுக்காரர் உங்களத் திட்டணும், கொஞ்சம் வந்து நில்லுங்கன்னு கேப்பாங்களா?

எங்க வண்டியா? அது போயி நாளாச்சே. போன வருஷமே பையன் வித்துட்டான். கேட்டுல கொண்டு போயி இடிச்சாரே, அதுக்கப்புறம். சரியா வீட்டுக்கு வந்தவருக்கு உள்ள நுழைய வழி தெரியல. அன்னைக்கு சாவிய வாங்கி வெச்சவன்தான். எங்க எடம் காலியாத்தான் கெடக்கு. வண்டியே இல்லாத இடத்துக்குத்தான் காவலு. அதான் வேடிக்கை. வண்டி போச்சுன்னு தெரியாது, கோடு தெரியும். பையன் பேரு வராது, அந்தத் தூணு தெரியும்.

உங்களத் தெரியுமான்னா, தெரியாது தம்பி. போன வாரம் நீங்க பழம் வாங்கிட்டு மேல வந்தீங்களே. இவரு என்ன சொன்னாரு? வாங்க சார், உக்காருங்க சார், எந்த டிப்போலேர்ந்து வர்றீங்கன்னாரு. நீங்க என்னப் பாத்தீங்க, நான் உங்களப் பாத்தேன். இந்த மனுஷனாடா என் பரம்பரையவே இழுத்தாருன்னு உங்களுக்கு இருந்திருக்கும். மூஞ்சி தெரியல. வண்டி தெரியும். பச்சை வண்டி, மேல பலகை, கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சாண். அத்தோட சேந்துதான் நீங்க.

அட, நான் மத்ததெல்லாம் பாக்காமயா இருப்பேன். தையக்காரம்மா பையனோட ஸ்கூட்டர அந்த எடத்துல நிறுத்தச் சொன்னேன். இவரு சும்மா தாண்டிப் போயிட்டாரு, அவருக்கு அதெல்லாம் வண்டியே இல்ல. செகரட்டரி சார்கிட்ட காலப் பிடிக்காத குறையாக் கேட்டேன். அவரு தொட்டிய நகத்திட்டு அவரு காரக் கொண்டு வந்து போட்டாரு, பாவம். ஆனா அந்த மனுஷனுக்குக் கோணலா நிறுத்த வரல தம்பி. கோட்டத் தாண்டுங்க சார், இன்னும் கொஞ்சம்னு நான் சொல்ல சொல்ல, அவருக்கு வேர்த்துப் போச்சு. சட்டத்த நானே மீறினா எப்படிம்மாங்கறாரு. கடைசில நூல் பிடிச்ச மாதிரி நிறுத்திட்டு இறங்கினாரு. இவரு போய்ப் பாத்துட்டு, அருமை சார்னு கையக் குடுத்துட்டு மேல வந்து படுத்துட்டாரு. எனக்கு அழறதா சிரிக்கறதான்னு தெரியல.

பார்க்குக்குக் கூட்டிட்டுப் போகலாம்தான். எங்க போறோம்னு கேப்பாரு. சும்மா நடக்கன்னா, சும்மா எதுக்கு நடக்கணும்னு உக்காந்துடுவாரு. வேலைன்னு ஒண்ணு இருந்தாத்தான் அவருக்குக் காலு. உங்க வண்டி அங்க நின்ன காலத்துல பாருங்க, நான் எழுப்பவே வேண்டாம். விடிஞ்சதும் எந்திரிச்சு சன்னல் வழியா எட்டிப் பாப்பாரு. ம், இன்னைக்கும் தாண்டித்தான் இருக்கான்னு ஒரு சத்தம். அதுல ஒரு சந்தோஷம் இருக்கும். அப்புறம் தானே போயி முகம் கழுவி, தானே ஷேவ் பண்ணி, பட்டன அவரே போடுவாரு. பட்டன் போடறது எவ்வளவு பெரிய விஷயம்னு எனக்கு முன்ன தெரியாது. ரெண்டு மாடி இறங்கி, கத்தி முடிச்சு, மறுபடி ரெண்டு மாடி ஏறி வந்தா நல்லாப் பசிக்கும். மூணு தோசை. டாக்டரே கேட்டாரு, இந்த வியாதிக்கு இவ்வளவு தெம்பா இருக்காரே, என்னம்மா குடுக்கறீங்கன்னு. நான் எதிர் வீட்டுத் தம்பின்னு சொல்லல, சத்துமாவுன்னு சொன்னேன்.

நான் படிச்சவ இல்ல. கடவுள்கிட்ட பேசறதத் தவிர எனக்கு வேற எதுவும் தெரியாது. முன்னெல்லாம் காலைல இவரு சத்தம் கேட்டதும் நான் சன்னலச் சாத்திட்டு, சமையக்கட்டுல குழாயத் தெறந்து விட்டுட்டு, கண்ண மூடிக்குவேன். ஆண்டவா, இந்தச் சண்டைய நிறுத்துன்னு. எத்தனை வருஷம் அதே வேண்டுதல். எனக்கு நகை கேக்கல, வீடு கேக்கல, இத ஒண்ணுதான் கேட்டேன். கடவுளும் கேட்டுட்டாரு. குடுத்தத இப்போ திருப்பி எடுத்துக்கோன்னு சொல்ல வெக்கமா இருக்கு தம்பி. அவரு என்ன நெனைப்பாரு, இந்தப் பொம்பளைக்கு என்ன வேணும்னு அவளுக்கே தெரியலன்னு நெனைக்க மாட்டாரா? அதான் அவர விட்டுட்டு உங்ககிட்ட வந்துட்டேன்.

பையனுக்குத் தெரியாது. தெரிஞ்சா கத்துவான், அப்பாவோட கத்தல் அவனுக்கும் கொஞ்சம் இருக்கு. ஏம்மா, நான் அவர்கிட்ட கெஞ்சி முடிச்சு வெச்சத நீ போயி அவுத்து விடறியான்னு கேப்பான். கேக்கட்டும். அவன் பக்கத்துல இருந்து பாக்கல. பாத்தா அவனே வந்து உங்க வண்டிய நகத்தி வெப்பான்.

என்ன தம்பி, கண்ணாடியத் தொடைக்கறீங்க. வெளிய இருக்கற எச்சம் உள்ளேர்ந்து தொடச்சாப் போகுமா.

வீட்டம்மாகிட்ட கேக்கணுமா? கண்டிப்பாக் கேளுங்க. அவ வேண்டாம்னு சொன்னா விட்டுடுங்க, எனக்கு வருத்தமே இல்ல. அவகிட்ட நானே வந்து பேசறேன், வேணும்னா தினமும் இந்த வண்டிய நான் தொடச்சுக் குடுக்கறேன்னு சொல்றேன். உங்க பாப்பா பயந்துக்கும்னா, அவ ஸ்கூல் வேன் போனதுக்கப்புறம் நான் அவரக் கூட்டிட்டு வரேன். கத்துக்க வர்றவங்க வர்றதுக்கு முன்னாடி முடிச்சுக்கலாம். செகரட்டரி ஏதாவது சொன்னாருன்னா நான் பாத்துக்கறேன். கோணலா நிறுத்த முடியாதவரு கோணலா நிறுத்தறவரக் கேள்வி கேக்கக் கூடாதுன்னு சொல்லிடறேன்.

என்ன சொன்னீங்க? நாளைக்கேவா?

நெசமாவா தம்பி? அவளையும் கேக்க வேண்டாமா? அவளே சொன்னாளா. எப்போ? நேத்து வண்டியத் தொடைக்கறப்போவா. பெரியவரு சத்தமே இல்லாம வீடே என்னமோ மாதிரி இருக்குங்கன்னு சொன்னாளா. பாருங்க, அவ மனச நான் தப்பா எடை போட்டுட்டேன். நல்லா இருக்கணும் அவ. நீங்க எல்லாரும் நல்லா இருக்கணும். நான் கும்பிடறப்போ எங்க பிள்ளைங்க பேருக்கு அப்புறம் உங்க பேரத்தான் சொல்லுவேன்.

அந்தப் பொண்ணு வந்துருச்சு பாருங்க, கேட்டுப் பக்கத்துல. வாம்மா, வா, நான் இறங்கிடறேன். ஒரு நிமிஷம், ஒரே ஒரு விஷயம் தம்பி. சின்னதுதான்.

அவரு கத்த ஆரம்பிச்சதும் நீங்க பதில் சொல்லணும்னு இல்ல, சும்மா நின்னாப் போதும். ஆனா பாதில வண்டிய எடுத்துட்டுப் போயிடாதீங்க. முன்னெல்லாம் சில நாள் அவரு பேசிட்டு இருக்கும்போதே கெளம்பிடுவீங்க. உங்களுக்கும் கிளாஸுக்கு நேரமாயிடும், நான் குத்தம் சொல்லல. இனிமே கடைசி வரைக்கும் நில்லுங்க. அந்தக் கடைசில சொல்வாரே, அது வர்ற வரைக்கும்.

எது கடைசின்னா, உங்களுக்குத் தெரியாதா? நீங்க வருஷக்கணக்காக் கேட்டதுதான. நான்தான் கேட்டதில்ல. ஆரம்பத்துல சொல்றது நாலு வார்த்தை மேல காதுல விழும், அதுக்குள்ள சன்னலச் சாத்திக் குழாயத் தெறந்து விட்டுடுவேன், அப்புறம் வெறும் சத்தம்தான். டிப்போக்காரரு, கோடு கோணிச்சுன்னா தாங்க மாட்டாரு, வறட்டு கௌரவத்துக்குக் கத்தறாருன்னுதான் நெனச்சுட்டு இருந்தேன். வியாதி வந்து, கையப் பிடிச்சுட்டு நானும் கீழ வர ஆரம்பிச்சப்புறம்தான் முழுசாக் கேட்டேன். நீ இப்படி நிறுத்தினா என் பொண்டாட்டி எந்தப் பக்கமாய்யா ஏறுவா? அவளுக்கு முட்டி மடங்காது, கதவு முழுசாத் தெறந்தாத்தான் உக்கார முடியும், வாய் தெறந்து வலிக்குதுன்னு சொல்ல மாட்டா, நீ வந்து தூக்கி உக்கார வெப்பியான்னு. என்கிட்ட ஒருநாளும் கேட்டதில்ல தம்பி, முட்டி எப்படி இருக்குன்னு. உங்ககிட்டதான் தினமும் சொல்லியிருக்காரு.

அதச் சொல்லிட்டு என் பக்கம் திரும்புவாரே, நீங்களே நியாயத்தச் சொல்லுங்கம்மா, அவ எப்படி ஏறுவான்னு. கோவத்துல பொண்டாட்டிக்கு மரியாதை குடுத்துப் பேசறாருன்னு நீங்க நெனச்சிருப்பீங்க. அப்படி இல்ல. நான் யாருன்னு அவருக்குத் தெரியாது. வீட்டோட இருந்து பாத்துக்க வந்த யாரோன்னு நெனச்சுட்டு இருக்காரு. கஞ்சி ஊத்தி வாய் தொடைச்சு விட்டா, ரொம்ப நன்றிங்கம்மா, உங்களுக்குச் சிரமம்னு கையெடுத்துக் கும்பிடறாரு. பொண்டாட்டின்னு ஒருத்தி இருக்கறது உங்க வண்டிகிட்ட வந்து நிக்கறப்போ மட்டும்தான் அவருக்கு ஞாபகம் வருது. அதக் கேக்கணும் தம்பி எனக்கு.

நானும் பதில் சொல்லுவேன். ஆமாங்க, பாவம், அவங்களுக்குக் கஷ்டம்தான்னு சொல்லுவேன். உடனே அவரு மொகத்துல ஒரு நிம்மதி வரும் பாருங்க, பொண்டாட்டிக்காக ஒருத்தராவது பேசிட்டாங்கன்னு.